ஐந்து ஆண்டுகள் பழகிய தலைச்சாயம் திடீரென்று ஒவ்வாமல் போகுமா?

நிலாமுற்றம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஐந்து ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தின் ஒரே நிறச் சாயத்தைத்தான் ஆறு வாரங்களுக்கு ஒரு முறை தலைக்குப் பூசி வருகிறேன். சென்ற வியாழக்கிழமையும் வழக்கம்போல் பூசினேன். அன்றும் மறுநாளும் ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் கண்ணாடியைப் பார்த்தபோது இரண்டு மேல் இமைகளும் வீங்கிக் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தன. காதுகளின் பின்புறமும் கழுத்தின் இரு பக்கங்களும் சிவந்து, சொரசொரத்து, தாங்க முடியாமல் அரித்தன. சாயம் அரை மணி நேரம் ஊறிய உச்சந்தலையிலோ இலேசான நமைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. மருந்துக் கடையில் அலர்ஜிக்கென்று கொடுத்த மாத்திரை தூக்கத்தை வரவழைத்ததே ஒழிய வீக்கத்தைத் தணிக்கவில்லை.

இவ்வளவு காலம் ஒத்துக்கொண்ட பொருள் இப்போது ஒவ்வாமல் போகுமா, அல்லது நான் வாங்கியது போலிச் சரக்கா? இதே அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சீப்பும்கத்திரியும் எழுதியது:

சகோதரி, முடிதிருத்தும் தொழிலில் 18 ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். "பல வருடமாகப் போடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லித்தான் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் தோலில் ஒரு துளி தடவிப் பார்க்கும் முன்சோதனையைத் தவிர்க்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். தொழிலுக்கு வந்த பதினோராவது ஆண்டில்தான் என் விரலிடுக்குகள் வெடித்து நீர் கசியத் தொடங்கின. அன்று முதல் நைட்ரைல் கையுறை இல்லாமல் சாயக் கிண்ணத்தைத் தொடுவதில்லை.

ஒரு வேண்டுகோள். அந்தச் சாயப் பெட்டியையும், அதனோடு வந்த தாளையும், இப்போது பயன்படுத்தும் ஷாம்பு, கண்டிஷனர் புட்டிகளையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கோபத்தில் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு மருத்துவர் முன்னால் "ஏதோ பச்சை நிறப் புட்டி" என்று விழித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சேர்மானப் பட்டியலும் தொகுதி எண்ணும் அவற்றில்தான் இருக்கின்றன.

பச்சிலை எழுதியது:

இரசாயனம் என்றாலே இதுதான் கதி. சாயத்தை விட்டுவிட்டு மருதாணிக்கு மாறுங்கள், எல்லாம் சரியாகிவிடும். இயற்கையான பொருள் யாரையும் கெடுத்ததில்லை.

குடுவை எழுதியது:

பச்சிலை அவர்களே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் கடைசி வாக்கியத்தை ஏற்க இயலவில்லை. ஒப்பனைப் பொருள்களைத் தயாரிக்கும் ஆய்வகத்தில் பணியாற்றியவன் நான் என்பதால் என்னைச் சந்தேகத்தோடு படிப்பவர்கள் படிக்கலாம்.

தூய மருதாணி இலைப் பொடியில் நிறம் தருவது லாசோன் என்ற பொருள். அதனால் ஒவ்வாமை வருவது அரிதுதான். ஆனால் லாசோன் செம்பழுப்பு நிறத்தைத்தான் தரும், கருமையைத் தராது. சில நிமிடங்களில் கன்னங்கரேலென்று பிடிக்கும் "கருப்பு மருதாணி" என்றால், அதில் பாராஃபினைலின்டையமின், அதாவது சாயத் தொழிலில் பி.பி.டி. என்று அழைக்கப்படும் பொருள், கலந்திருக்கிறதா என்று கேட்டாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் படும் சாயக் கலவையில் பி.பி.டி. 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. தோலில் தற்காலிக ஓவியம் வரையும் கருப்புப் பசைகளைச் சோதித்தபோது 10 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது கண்டறியப்பட்டிருக்கிறது. சிறு வயதில் அப்படி ஒரு ஓவியம் வரைந்துகொண்டு, பல ஆண்டுகள் கழித்து முதன்முறையாகத் தலைச்சாயம் பூசியபோது முகம் முழுவதும் வீங்கியவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் ஏராளமான பதிவுகள் உண்டு. ஐரோப்பாவில் சாயப் பெட்டிகளில் "16 வயதுக்குட்பட்டோருக்கு அல்ல" என்பதோடு, கருப்பு ஓவியம் வரைந்துகொண்டு பாதிக்கப்பட்டவர்கள் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அச்சிட்டிருப்பதன் காரணம் இதுதான்.

தாவர எண்ணெய்கள் பற்றியும் ஒரு சொல். எலுமிச்சைத் தோல், லாவண்டர் ஆகியவற்றின் மணத்துக்குக் காரணமான லிமோனீன், லினலூல் இரண்டும் புதிதாக இருக்கும்போது பெரிய தொந்தரவு தருவதில்லை. புட்டி திறந்தே கிடந்து காற்று பட்டால் அவை ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறுகின்றன. ஒவ்வாமையைத் தூண்டுவதில் அவை கெட்டிக்காரப் பொருள்கள். இலையிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று தோல் விசாரிப்பதில்லை.

தோலறிவோன் எழுதியது:

தோல் மருத்துவன் என்ற முறையில் நிலாமுற்றம் அவர்களின் முதல் கேள்விக்கு வருகிறேன்; எழுத்தின் வழியாக நோயறிய முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வாமை என்று நாம் ஒரே சொல்லால் அழைப்பது உண்மையில் இருவேறு நிகழ்வுகள். ஒன்று, நிமிடக் கணக்கில் வருவது: தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சிரைப்பு, மயக்கம். முடியின் நிறத்தை வெளுக்கப் பயன்படும் பெர்சல்ஃபேட் உப்புகள் சிலருக்கு இதை உண்டாக்கக்கூடும். அப்படி நேர்ந்தால் இழையில் வந்து கேட்டுக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். மற்றொன்று, உங்களுக்கு வந்திருப்பதைப் போலத் தெரிகிற தாமத வகை. இதில் வேலை செய்பவை டி வகை வெள்ளணுக்கள். ஒரு பொருள் முதன்முதலில் அவற்றின் நினைவில் பதிவதற்குப் பத்து முதல் பதினான்கு நாள்கள் பிடிக்கும். அந்தப் பதிவு முதல் வாரத்திலும் நிகழலாம், இருபதாம் ஆண்டிலும் நிகழலாம். பதிந்த பிறகு அதே பொருள் மறுபடி தோலில் பட்டால் ஒன்றிலிருந்து மூன்று நாள்களுக்குள் அழற்சி கிளம்பும். அலர்ஜி மாத்திரைகள் தடுக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் இதில் முதன்மைப் பங்கு வகிக்காததால்தான் நீங்கள் விழுங்கிய மாத்திரை தூக்கத்தோடு நின்றுவிட்டது. இதற்கு ஸ்டீராய்டு வகை மருந்தே தேவைப்படும். ஆனால் இமையில் எந்த வலிமையுடைய களிம்பை எத்தனை நாள் தடவலாம் என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கடையில் தாமாக வாங்கிக் கண்ணருகே தடவாதீர்கள்.

ஆகவே, ஐந்து ஆண்டுகள் ஒத்துக்கொண்டது இன்று ஒவ்வாமல் போகலாம். அதற்குப் போலிச் சரக்கு தேவையில்லை.

நிலாமுற்றம் எழுதியது:

விளக்கங்களுக்கு நன்றி. மருத்துவரைப் பார்த்துவிட்டேன், வீக்கம் வடிந்துகொண்டிருக்கிறது. சீப்பும்கத்திரியும் அவர்கள் சொன்னபடி எல்லாப் புட்டிகளையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் நினைவுக்கு வந்தது: ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்பு ஷாம்புவை மாற்றினேன். புதியதன் முன்பக்கத்தில் "பாரபென் அற்றது" என்றும் "ஒவ்வாமை குறைந்தது" என்றும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதனால் அதைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. சாயத்தில் பி.பி.டி. இருக்கிறது. குற்றவாளி அதுதான் என்று முடிவுகட்டி, இனிச் சாயமே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நுகர்வோன்குரல் எழுதியது:

"ஒவ்வாமை குறைந்தது" என்ற அந்தக் கொட்டை எழுத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1975-இல் இச்சொல்லுக்கு ஒரு வரையறை விதித்தது: போட்டிப் பொருள்களைவிடக் குறைவாகவே எதிர்விளைவு தருகிறது என்று மனிதரிடம் சோதித்துக் காட்டிய நிறுவனம்தான் அப்படி அச்சிடலாம். ஒப்பனை நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. அன்றிலிருந்து அந்நாட்டில் அச்சொல்லுக்குச் சட்டப் பொருள் கிடையாது. அச்சிடுபவர் நினைப்பதே பொருள்.

தலைச்சாயத்தின் கதை இன்னும் பழையது. 1933-ஐ ஒட்டி "லாஷ் லூர்" என்ற பெயரில் பி.பி.டி. கலந்த இமைச்சாயம் ஒன்று விற்கப்பட்டுப் பெண்களின் பார்வையைப் பறித்தது. அதன் எதிரொலியும் சேர்ந்து 1938-இல் அந்நாட்டில் உணவு, மருந்து, ஒப்பனைப் பொருள் சட்டம் வந்தது. ஆனால் அதே சட்டம், நிலக்கரித் தார் வழி வந்த தலைச்சாயங்களுக்கு, எச்சரிக்கை வாசகமும் முன்சோதனைக் குறிப்பும் அச்சிட்டால் போதும் என்று ஒரு விலக்கையும் கொடுத்தது. இமைக்கும் புருவத்துக்கும் அந்த விலக்கு இல்லை, தலைக்கு உண்டு. பொறுப்பை உற்பத்தியாளரின் தோளிலிருந்து இறக்கிப் பெட்டியை வாசிப்பவரின் கண்ணில் ஏற்றி வைத்த ஏற்பாடு அது.

எனக்கு மிகவும் உறுத்துவது 2016-இல் நடந்தது. நுரையில்லாமல் முடியைக் கழுவும் ஒரு கண்டிஷனர் வகையால் முடி கொட்டுகிறது, தடிப்பு வருகிறது என்று பயனர்கள் புகார் செய்ய, அதே நிர்வாகம் விசாரிக்கப் போனது. நேரடியாக அதனிடம் வந்து சேர்ந்த புகார்கள் 1,386. நிறுவனத்தின் கோப்புகளிலோ 21,000-க்கும் மேல் இருந்தன. அவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் அன்றைய சட்டத்தில் இல்லாததால் எவரும் தெரிவிக்கவில்லை. 2022 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டத்துக்குப் பிறகுதான், கடுமையான பாதிப்பு என்றால் 15 வேலை நாள்களுக்குள் அரசுக்குச் சொல்லியாக வேண்டும் என்ற நிலை வந்தது.

குடுவை எழுதியது:

நுகர்வோன்குரல் அவர்கள் சொன்ன செய்திகளை மறுக்கவில்லை. அந்தக் கண்டிஷனர் விவகாரத்தில் காரணம் இன்னதுதான் என்று விசாரணை அறுதியிட்டுச் சொல்லவில்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். புகார்களின் எண்ணிக்கை வேறு, காரணத்தை நிறுவுவது வேறு.

நான் திரும்ப வர விரும்புவது "பாரபென் அற்றது" என்ற வரிக்கு. தண்ணீர் உள்ள எந்தப் பொருளும், கிருமி வளராமல் தடுக்கும் பதப்பொருள் இல்லாவிட்டால், குளியலறையின் ஈரச் சூட்டில் சில வாரங்களில் கெட்டுவிடும். ஒன்றை வேண்டாம் என்றால் இன்னொன்று வந்தே ஆக வேண்டும். பாரபென்கள் என்ற பதப்பொருள்கள் மீது பொதுமக்களுக்கு அச்சம் கிளம்பியபோது உற்பத்தியாளர்கள் எங்கே போனார்கள் தெரியுமா? மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பொருளிடம். முன்பு அது வேறொரு பொருளோடு கலவையாக, மிகச் சிறிய அளவில்தான் பயன்பட்டது. 2005-இல் ஐரோப்பாவில் அதைத் தனியாகவே, பத்து லட்சத்தில் 100 பங்கு வரை சேர்க்கலாம் என்று அனுமதித்தார்கள். பிறகு நடந்ததைத் தோல் மருத்துவர்கள் கொள்ளைநோய் என்றே எழுதினார்கள். அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2013-இல் அதை "ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்று அறிவித்தது. 2017 பிப்ரவரி முதல், கழுவாமல் தோலில் விடும் பொருள்களில் அதை ஐரோப்பிய ஒன்றியம் அடியோடு தடை செய்தது. 2018 முதல், கழுவிவிடும் பொருள்களில் 15 பங்குக்கு மேல் கூடாது என்றது. இத்தனைக்கும் அதே சங்கம் 2019-இல் பாரபென்களுக்கு "ஒவ்வாமை அல்லாத" பொருள் என்று பட்டம் சூட்டியது. பயந்து ஓடிய பொருள்தான் தோலுக்குச் சாதுவானது என்று தெரிய வந்தபோது, "பாரபென் அற்றது" என்பது விளம்பரத்தில் நிலைபெற்றுவிட்டது.

நிலாமுற்றம் அவர்களே, உங்கள் ஷாம்புவின் பின்பக்கத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

சீப்பும்கத்திரியும் எழுதியது:

எனக்கும் முதல் நாளிலிருந்தே ஒன்று உறுத்துகிறது. சாயத்தால் வரும் கோளாறை நான் கண்ட வரையில், முடியோரம், நெற்றி விளிம்பு, காது மேல்பகுதி என்று பூசிய இடத்தின் எல்லையிலேயே கோடு போட்டதுபோல் கிளம்பும். பிறகுதான் முகம் வீங்கும். சகோதரி சொல்வதோ இமை, காதின் பின்புறம், கழுத்தின் பக்கங்கள். தலையைக் கழுவும்போது நுரை வழிந்தோடும் பாதை அது.

தோலறிவோன் எழுதியது:

கூர்மையான கவனிப்பு. உச்சந்தலைத் தோல் தடிமனானது, எளிதில் அழற்சியைக் காட்டாது. இமைத் தோல் உடலிலேயே மிக மெல்லியது. ஷாம்பு தலையில் பட்டும் இமையில் நோய் தெரிவதற்கு இதுவே காரணம். ஆனால் சாயமும் இமையை வீங்க வைக்கும் என்பதால் இடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

நிலாமுற்றம் எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து மீண்டும் வருகிறேன், குழப்பத்தோடு. குடுவை ஐயா சொன்ன அந்த நீண்ட பெயர் ஷாம்புவின் பட்டியலில் கடைசிக்கு முந்தியதாக இருந்தது. உடனே நிறுத்தினேன். சாயமும் இல்லை, அந்த ஷாம்புவும் இல்லை; தோல் தெளிந்தது. ஆனால் நேற்று முன்தினம் இமைகள் மறுபடி வீங்கிவிட்டன. தலைக்கு வெறும் தண்ணீரைத் தவிர எதையும் ஊற்றவில்லை. புதிதாக நடந்தது ஒன்றே ஒன்று: படுக்கையறைக்கு வண்ணம் அடித்தோம், அது காய்ந்த மறுநாளே அங்கே படுத்தேன். சுவரை நான் தொடக்கூட இல்லை.

பச்சிலை எழுதியது:

சுவர் வண்ணத்துக்கும் ஷாம்புவுக்கும் என்ன தொடர்பு? தூசியாக இருக்கும்.

குடுவை எழுதியது:

தொடர்பு உண்டு, அதுவும் நேரடியாக. தண்ணீரில் கரையும் சுவர் வண்ணங்களும் டப்பாவில் கெட்டுப்போகக் கூடியவையே. அவற்றிலும் இதே மெத்தில்ஐசோதயசோலினோனும் அதன் உறவுகளும் சேர்க்கப்படுகின்றன. அடித்த சுவரிலிருந்து அது வாரக் கணக்கில் காற்றில் கசியும். ஏற்கெனவே ஒவ்வாமை பதிந்தவர்களுக்கு அந்தக் காற்றே போதும். முகமும் இமையும் வீங்கும், சிலருக்கு மூச்சும் திணறும். சன்னல்களைத் திறந்துவிட்டு, சில வாரங்கள் வேறு அறையில் படுங்கள்.

தோலறிவோன் எழுதியது:

இனியும் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம்; பேட்ச் டெஸ்ட் எனப்படும் ஒட்டுச் சோதனை செய்துகொள்ளுங்கள். சந்தேகத்துக்குரிய வேதிப்பொருள்களைச் சிறு வட்டக் கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள்; இரண்டு நாள்கள் முதுகு நனையக்கூடாது. 48 மணி நேரத்தில் எடுத்து ஒருமுறையும், 96 மணி நேரத்தையொட்டி இன்னொரு முறையும் பார்ப்பார்கள். இரண்டாவது பார்வைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். தாமதமாகக் கிளம்புபவை அதில்தான் தெரியும். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் விளைவு மறைந்துபோகும் என்பதால் அதை முன்பே சொல்லிவிடுங்கள். மெத்தில்ஐசோதயசோலினோனைத் தனியாக ஒட்டுகிறார்களா என்றும் கேளுங்கள். பழைய கலவையை மட்டும் ஒட்டியபோது பலருக்கு அது பிடிபடாமல் போனது. புட்டிகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

மெல்லியகாற்று எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. சாயப் பெட்டியில் 48 மணி நேரத்துக்கு முன்பு காதின் பின்னால் துளி தடவிப் பார்க்கச் சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?

தோலறிவோன் எழுதியது:

ஒன்றல்ல. வீட்டுச் சோதனை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. அளவும் நேரமும் தரப்படுத்தப்படவில்லை. ஒன்றும் வராவிட்டால் பாதுகாப்பு என்று பொருளில்லை. அந்தத் துளியே புதிதாக ஒவ்வாமையைப் பதித்துவிடக்கூடும் என்ற கவலையை ஐரோப்பிய அறிவியல் குழு 2007-இலேயே எழுப்பியது. ஆயினும், துளியிலேயே கொப்பளித்துவிட்ட ஒருவர் முழுத் தலைக்கும் பூசாமல் தப்பிக்கிறார் என்பதால் நான் அதைச் செய்ய வேண்டாம் என்று சொல்வதில்லை. மருத்துவர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை.

நிலாமுற்றம் எழுதியது:

முடிவு வந்துவிட்டது. நான்காம் நாள் பார்வையில் மெத்தில்ஐசோதயசோலினோன் வைத்த இடம் சிவந்து, தடித்து, சிறு கொப்புளங்களோடு இருந்தது. பி.பி.டி. வைத்த இடத்தில் எதுவும் இல்லை. நான் மூட்டை கட்டிப் பழிபோட்ட சாயம் நிரபராதி.

வீட்டைத் துழாவியதில் அந்தப் பெயர் பாத்திரம் கழுவும் திரவத்திலும் துணி துவைக்கும் திரவத்திலும் இருந்தது. குளிர்காலத்தில் கைவிரல்கள் வெடிப்பதை வறட்சி என்று நினைத்திருந்தேன். அதையும் மருத்துவரிடம் காட்டியிருக்கிறேன்.

சாயத்தை இனித் தொடரலாமா என்று கேட்டேன். இன்றைக்கு பி.பி.டி. ஒவ்வாமை இல்லை என்பதுதான் சோதனையின் பொருள், என்றைக்கும் வராது என்பதல்ல என்றார் மருத்துவர். எனவே பூசுவதற்கு முன் பெட்டியைப் படிப்பேன், ஒவ்வொரு முறையும். பழைய பெயரிலேயே சேர்மானத்தை மாற்றிவிடுகிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

நுகர்வோன்குரல் எழுதியது:

ஷாம்பு நிறுவனத்துக்கு எழுதினீர்களா? ஒழுங்காற்று அமைப்புக்கும் எழுதுங்கள். மருத்துவ அறிக்கை கையில் இருக்கும் புகார்கள் மிகக் குறைவு.

நிலாமுற்றம் எழுதியது:

இரண்டுக்கும் எழுதினேன். ஒழுங்காற்று அமைப்பிடமிருந்து புகார் எண் வந்திருக்கிறது. நிறுவனத்தின் பதில் மூன்று வரிகள்: வருந்துகிறோம், பொருள் விதிகளுக்கு உட்பட்டது, தொகுதி எண்ணையும் தயாரித்த நாளையும் தெரிவிக்கவும். புட்டி அலமாரியின் மேல்தட்டில் இரட்டை உறைக்குள் பத்திரமாக இருந்ததால் உடனே படமெடுத்து அனுப்ப முடிந்தது. "ஒவ்வாமை குறைந்தது" என்று எதன் அடிப்படையில் அச்சிட்டீர்கள் என்று அதே கடிதத்தில் கேட்டிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. வந்தால் இங்கே பதிகிறேன்.